நாரையிடம் பாடம் படித்த இன்ஜினீயர்: ஹேங் கிளைடிங்கின் தந்தை ஓட்டோ லிலியன்தால் வாழ்ந்ததும் விழுந்ததும்

வெயில் நன்றாக ஏறிய பிறகு திருவண்ணாமலையில் நின்று மலை உச்சியை அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? பருந்துகள் வட்டமடித்துக்கொண்டிருக்கும். இறக்கையை ஒரு தடவைகூட அடிக்காது. ஆனாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிக்கொண்டே போகும். சின்னப் புள்ளியாகத் தெரியும் உயரம் வந்ததும், அப்படியே ஒரு பக்கமாகச் சரிந்து வேறு ஊரைப் பார்த்துப் போய்விடும்.

பெட்ரோல் கிடையாது, மோட்டார் கிடையாது. இதே வித்தையை மனிதர்களும் செய்கிறார்கள். 2012 ஜூலையில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஸபாட்டா என்ற சிற்றூரிலிருந்து டஸ்டின் மார்ட்டின், ஜானி டுரண்ட் என்ற இரண்டு பேர் ஹேங் கிளைடரில் கிளம்பினார்கள். ஒரு குட்டி விமானம் அவர்களை மேலே இழுத்துக்கொண்டு போய் விட்டதோடு சரி. அதற்குப் பிறகு ஒரே பகலில், இன்ஜின் இல்லாமல், சுமார் 760 கிலோமீட்டர் பறந்தார்கள். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சாலை வழியாகப் போகும் தூரத்தைவிட இது அதிகம். கிரிவலக் கணக்கில் சொன்னால், 14 கிலோமீட்டர் பாதையை ஐம்பது முறைக்கு மேல் சுற்றிய தூரம்.

இந்த விளையாட்டுக்கு அடித்தளம் போட்டவர் தன் வாழ்நாளில் பறந்த அதிகபட்ச தூரம் எவ்வளவு தெரியுமா? வெறும் 250 மீட்டர். சுமார் 2,000 முறை பறந்தும், அவர் காற்றில் இருந்த மொத்த நேரம் ஏறத்தாழ 5 மணி நேரம்தான். அது மட்டுமல்ல. இன்றைய வீரர்களை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சுமந்து செல்லும் அதே சூடான காற்றுதான், அவரைக் கீழே தள்ளியிருக்கும் என்று கருதப்படுகிறது.

அவர் பெயர் ஓட்டோ லிலியன்தால். ஜெர்மனிக்காரர்.

செங்கால் நாரை பார்த்த பையன்கள்

1848 மே 23 அன்று, பிரஷ்யாவின் பொமரேனியா பகுதியில் உள்ள அங்க்லாம் என்ற சிற்றூரில் லிலியன்தால் பிறந்தார். அப்பா துணி வியாபாரி. குடும்பத்தில் பிறந்த எட்டுக் குழந்தைகளில் ஓட்டோ, தம்பி குஸ்தாவ், தங்கை மரீ ஆகிய மூன்று பேர்தான் பிழைத்து வளர்ந்தார்கள். வியாபாரம் நொடித்து, குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் போய்விடலாம் என்று அப்பா திட்டமிட்டிருந்தார். அதற்குள் 1861-ல் அவர் இறந்துவிட்டார். ஓட்டோவுக்கு அப்போது 13 வயது நிறையவில்லை. அதன் பிறகு பிள்ளைகளை ஆளாக்கியது அம்மா கரோலின்.

அங்க்லாமைச் சுற்றி ஈரமான புல்வெளிகள். கோடை வந்தால் அங்கே நாரைகள் இறங்கும். நம் சத்திமுத்தப் புலவர் தூது அனுப்பிய செங்கால் நாரை என்று பறவை ஆர்வலர்கள் அடையாளம் காட்டும் அதே இனம்தான். அண்ணனும் தம்பியும் மணிக்கணக்கில் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாரை கிளம்பும்போது காற்றை எதிர்த்து ஓடுவதும், மேலே போனதும் இறக்கையை விரித்து வைத்தபடி மிதப்பதும் அவர்கள் கண்ணில் பட்டன.

சும்மா பார்த்ததோடு விடவில்லை. மரப்பட்டைகளைக் கொண்டு இறக்கைகள் செய்து, கைகளில் கட்டிக்கொண்டு மேட்டிலிருந்து ஓடிக் குதித்தார்கள். கூடப் படிக்கிற பையன்கள் கேலி செய்வார்களே என்று இந்த வேலையை ராத்திரியில்தான் வைத்துக்கொண்டார்கள். பறக்கத்தான் முடியவில்லை. ஆனால் ஏன் முடியவில்லை என்ற கேள்வி ஓட்டோவை விடவே இல்லை.

முதலில் அளவு, அப்புறம்தான் பறப்பு

லிலியன்தாலைப் பற்றிப் பலருக்கும் மனதில் இருப்பது, இறக்கை கட்டிக்கொண்டு குன்றிலிருந்து குதித்த ஒரு துணிச்சல்காரர் என்ற படம்தான். உண்மையில், குதிப்பதற்கு முன்னால் அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் அளந்துகொண்டிருந்தார்.

பாட்ஸ்டாமில் தொழிற்பள்ளிப் படிப்பு, பெர்லினில் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் பயிற்சி, பிறகு பெர்லின் தொழில் அகாடமியில் இன்ஜினீயரிங். 1870-ல் படிப்பு முடிந்த கையோடு பிரான்ஸ்-பிரஷ்யா போருக்குத் தொண்டராகப் போனார். திரும்பி வந்ததும் மறுபடியும் இறக்கை வேலைதான்.

அப்போது விஞ்ஞானிகளிடம் இருந்த கணக்குகள் எல்லாம் தட்டையான பலகையை வைத்துப் போட்டவை. அந்தக் கணக்கின்படி பார்த்தால், மனிதனைத் தூக்க ராட்சச இறக்கையும் ராட்சச பலமும் தேவை. ஆனால் நாரையின் இறக்கை தட்டையாக இல்லையே? முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை லேசாக, கவிழ்த்த தட்டு மாதிரி வளைந்திருக்கிறதே?

சகோதரர்கள் சுழலும் கை ஒன்றைச் செய்து, அதன் முனையில் விதவிதமான இறக்கைப் பரப்புகளை மாட்டிச் சுற்றவிட்டார்கள். எந்தக் கோணத்தில் எவ்வளவு தூக்குவிசை வருகிறது, எவ்வளவு இழுவிசை வருகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். 1874-ல் விடை தெளிவானது. லேசாக வளைந்த இறக்கை, அதே அளவுள்ள தட்டை இறக்கையைவிடக் கணிசமாக அதிகம் தூக்கியது. இன்று நீங்கள் ஏறும் எந்த விமானத்தின் இறக்கையையும் ஜன்னல் வழியாகப் பாருங்கள், அந்த வளைவு இருக்கும்.

ஆனால் அந்த அளவீடுகளை அவர் வெளியிட்டது 1889-ல்தான். பறவையின் பறப்பே பறக்கும் கலைக்கு அடிப்படை என்ற பொருள் தரும் தலைப்பில் வந்த அந்தப் புத்தகத்தில், நாரையின் படங்களும் உண்டு, எண்கள் நிறைந்த வரைபடங்களும் உண்டு. வாங்கியவர்கள் அதிகம் இல்லை. ஆனால் அதைப் படித்த சிலர், பிற்பாடு உலகத்தையே மாற்றினார்கள்.

இவ்வளவுக்கும் காசு எங்கிருந்து வந்தது?

அரசு மானியம் இல்லை, முதலீட்டாளர் இல்லை. பகலில் தொழில், மிச்ச நேரத்தில் பறப்பு. இன்றைய வார்த்தையில் சொன்னால் சைடு ப்ராஜெக்ட்.

முதலில் அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து, மணலும் சுண்ணாம்புத் தூளும் ஆளிவிதை எண்ணெயும் கலந்து, குழந்தைகளுக்கான கட்டடக் கற்களைத் தயாரித்தார்கள். அருமையான பொம்மைதான். விற்கத்தான் தெரியவில்லை. 1880-ல் அந்தத் தயாரிப்பு முறையை ரிக்டர் என்ற தொழிலதிபர் வாங்கினார். ஆங்கர் கற்கள் என்ற பெயரில் அவர் அதை உலகம் முழுக்க விற்றுப் பெரும் பணக்காரர் ஆனார். கண்டுபிடித்தவர்களுக்குக் கிடைத்தது சொற்பத் தொகை.

அடுத்த முயற்சி கைகொடுத்தது. வெடித்துச் சிதறும் ஆபத்து குறைவான, சுருள் குழாய் வைத்த சின்ன நீராவி பாய்லரை ஓட்டோ வடிவமைத்தார். சிறு பட்டறைக்காரர்களுக்கு அது வரப்பிரசாதம். 1880-களில் பெர்லினில் சொந்தத் தொழிற்சாலை தொடங்கினார். 1890-ல் லாபத்தில் 25 சதவீதத்தைத் தொழிலாளர்களுக்குப் பங்காகக் கொடுக்கும் முறையையும் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் இதைச் செய்த முதலாளிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தொழிலாளர்களும் நாடகம் பார்க்க வேண்டும் என்று, பெர்லினில் ஒரு நாடக அரங்கை நடத்துவதிலும் பங்கெடுத்து, குறைந்த விலைக்கு டிக்கெட் கொடுத்தார்.

1878-ல் ஆக்னஸ் ஃபிஷரைத் திருமணம் செய்துகொண்டார். சுரங்க இயந்திர வேலைக்காக வெளியூர் போன இடத்தில் சந்தித்த, சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள். நான்கு குழந்தைகள். இந்தக் குடும்பத்தை வைத்துக்கொண்டுதான் அவர் குன்றிலிருந்து ஓடிக் குதித்தார் என்பதையும் மறக்கக் கூடாது.

தோட்டத்தில் ஒரு மீட்டர், குன்றில் 250 மீட்டர்

1891-ல் லிலியன்தாலுக்கு 43 வயது. அப்போதுதான் முதன்முதலாக இறக்கையோடு காற்றில் ஏறினார். அதுவும் எடுத்த எடுப்பில் மலையிலிருந்து இல்லை. வீட்டுத் தோட்டத்தில் ஒரு பலகை மேடை போட்டு, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து குதித்துப் பழகினார். பிறகு இரண்டு மீட்டர். அதற்கப்புறம் பாட்ஸ்டாமுக்கு மேற்கே டெர்விட்ஸ் என்ற ஊர்ப்பக்கம் உள்ள மேட்டுக்குப் போய், 25 மீட்டர் வரை பறந்தார்.

1893-ல் ரீனோ குன்றுகளில் 250 மீட்டர். அடுத்த ஆண்டு, பெர்லின் அருகே லிக்டர்ஃபெல்ட பகுதியில், செங்கல் சூளைக் கழிவு மண்ணைக் கொண்டு 15 மீட்டர் உயரத்துக்குச் சொந்தமாகவே ஒரு கூம்புக் குன்றை எழுப்பினார். எந்தத் திசையிலிருந்து காற்று வீசினாலும் அதை எதிர்த்து ஓட வசதி வேண்டும் என்பதுதான் காரணம். குன்றின் தலையில் ஒரு கொட்டகை, அதற்குள் கிளைடர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பெர்லின்வாசிகள் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள்.

கிளைடர் எப்படி இருந்தது? பிரம்பு போல வளையும் வில்லோ மரக் குச்சிகளால் ஆன சட்டம், அதன் மேல் இழுத்துக் கட்டிய பருத்தித் துணி. எடை சுமார் 20 கிலோ. வௌவால் இறக்கை மாதிரி மடித்து வைக்கலாம். நடுவில் உள்ள இடைவெளியில் நின்று, முழங்கைகளைச் சட்டத்தில் ஊன்றிக்கொண்டு ஓட வேண்டும். கால் தரையை விட்டதும் உடம்பு தொங்கும். திருப்ப வேண்டுமா? கால்களை அந்தப் பக்கம் வீச வேண்டும். மூக்கு தூக்குகிறதா? கால்களை முன்னால் தள்ள வேண்டும். ஸ்டியரிங், பிரேக் எல்லாமே உடம்பின் எடைதான். இன்றைய ஹேங் கிளைடரும் இதே கொள்கையில்தான் ஓடுகிறது.

இந்த மாடலை அவர் விலைக்கும் விற்றார். விலை 500 மார்க். ரஷ்யாவின் புகழ்பெற்ற விஞ்ஞானி நிகோலாய் ஷுகோவ்ஸ்கி ஒன்று வாங்கினார். அமெரிக்கப் பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட் இன்னொன்று வாங்கினார். வரிசையாகத் தயாரித்து விற்கப்பட்ட உலகின் முதல் பறக்கும் கருவி இதுதான்.

இன்னொரு விஷயமும் அவருக்கு உதவியது. வேகமாக நகர்வதையும் தெளிவாகப் படம்பிடிக்கும் கேமராக்கள் அப்போதுதான் வந்திருந்தன. ஓட்டமார் அன்ஷூட்ஸ் உட்படப் பல புகைப்படக்காரர்கள் அவர் பறப்பதை நூற்றுக்கும் மேற்பட்ட படங்களாக எடுத்தார்கள். அவை உலகப் பத்திரிகைகளில் வெளியாயின. மனிதன் பறப்பான் என்ற பேச்சைக் கதையாக நினைத்தவர்கள், முதல்முறையாக அதைக் கண்ணால் பார்த்தார்கள்.

1896 ஆகஸ்ட் 9, ஞாயிற்றுக்கிழமை

அன்று ரீனோ பகுதியில் ஸ்டோல்ன் கிராமத்துக்குப் பக்கத்திலுள்ள கோலன்பெர்க் குன்றுக்கு லிலியன்தால் போனார். கூட வந்தவர் மெக்கானிக் பால் பைலிக். நல்ல வெயில், இதமான காற்று. முதல் சில பறப்புகளும் நன்றாகவே போயின. 250 மீட்டர் தூரத்தை அன்றும் தொட்டார்.

நான்காவது பறப்பில் கிளைடர் திடீரென்று மூக்கைத் தூக்கியது. காற்றிலேயே நின்றுவிட்டது போலானது. லிலியன்தால் கால்களை முன்னால் வீசி மூக்கைக் கீழே அழுத்தப் பார்த்தார். பலன் இல்லை. சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுந்தார். அண்ணாமலையார் கோயிலின் கிழக்கு ராஜகோபுரம் 66 மீட்டர். அதில் கால்வாசிகூட இல்லாத உயரம்.

கழுத்தெலும்பு முறிந்திருந்தது. குதிரை வண்டியில் கிராமத்து விடுதிக்கும், அங்கிருந்து ரயிலில் பெர்லினுக்கும் கொண்டுபோனார்கள். மறுநாள், ஆகஸ்ட் 10 அன்று, மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. வயது 48.

என்னதான் நடந்தது?

இறக்கையின் மேல் காற்று ஒட்டிக்கொண்டு வழுக்கிப் போகும் வரைதான் தூக்குவிசை இருக்கும். மூக்கு அளவுக்கு மீறித் தூக்கினால், காற்று இறக்கையின் மேற்பரப்பை விட்டுப் பிய்த்துக்கொண்டு போய்விடும். தூக்குவிசை சட்டென்று விழும். இதற்கு ஸ்டால் என்று பெயர். மீள்வதற்கு ஒரே வழி, மூக்கைக் கீழே இறக்கி வேகம் எடுப்பது. அதற்குக் கொஞ்சம் உயரம் வேண்டும். 15 மீட்டர் போதாது.

சரி, மூக்கு ஏன் தூக்கியது? இங்கேதான் நம்ம திருவண்ணாமலைப் பருந்து மறுபடி கதைக்குள் வருகிறது.

வெயில் தரையை ஒரே மாதிரி சூடாக்காது. பாறையும் உழுத காய்ந்த நிலமும் சீக்கிரம் சுடும். ஏரியும் பச்சை வயலும் மெதுவாகச் சுடும். சூடான இடத்துக்கு மேலே உள்ள காற்று லேசாகி, குமிழி போலத் திரண்டு, தரையை விட்டுப் பிரிந்து மேலே எழும். இதுதான் தெர்மல். பருந்து அந்தத் தூணுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி லிஃப்ட் மாதிரி ஏறுகிறது. உச்சிக்குப் போனதும் அடுத்த தெர்மலை நோக்கிச் சறுக்குகிறது. ஏறுவது, சறுக்குவது, மறுபடி ஏறுவது. 760 கிலோமீட்டர் பறந்தவர்களின் சூத்திரமும் இதேதான். கடலுக்கு மேல் தெர்மல் சரியாக உருவாகாது என்பதால்தான், ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்கா போகும் நாரைகள் மத்தியதரைக் கடலை நேராகத் தாண்டாமல், நிலத்தை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போகின்றன.

ஆனால் தெர்மலின் ஓரம் முரட்டுத்தனமானது. உள்ளே காற்று ஏறும், வெளியே இறங்கும். தாழ்வாக, மெதுவாகப் பறக்கும் கிளைடர் திடீரென்று அதில் மோதினால் மூக்கு தூக்கிவிடும். அந்த ஆகஸ்ட் வெயிலில் நடந்தது இதுவாகத்தான் இருக்கும் என்பது இன்றைய நிபுணர்கள் பலரின் கணிப்பு.

லிலியன்தாலுக்குத் தெர்மல் பற்றி இன்றைய அளவுக்குத் தெரியாது. நாரை மிதப்பதைப் பார்த்த அவர், காற்று சராசரியாகச் சற்று மேல்நோக்கிச் சாய்ந்தே வீசுகிறது என்று நினைத்தார். அதை அளந்தும் பார்த்தார். விடைக்குப் பக்கத்தில்தான் வந்திருந்தார். ஆனால் வானத்தில் ஏறும் தூண்களும் இறங்கும் பள்ளங்களும் இருக்கின்றன என்பதை கிளைடர் ஓட்டிகள் பயன்படுத்தக் கற்றுக்கொண்டது, அவர் இறந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகுதான். 1929-ல் ஆஸ்திரியாவின் ராபர்ட் க்ரோன்ஃபெல்ட், இன்ஜின் இல்லாத விமானத்தில் 100 கிலோமீட்டர் எல்லையைத் தாண்டினார்.

அவருடைய டிசைன் தப்பா?

நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கேள்வி இருந்தது. 2016-ல் ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையமான டிஎல்ஆர், லிலியன்தாலின் கிளைடரை அதே மாதிரி செய்து, பெரிய காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தது. கிளைடர் அடிப்படையில் நிலையாகப் பறக்கக்கூடியதுதான் என்று முடிவு வந்தது. ஒரு மீட்டர் இறங்கினால் சுமார் நான்கு மீட்டர் முன்னே போகும் என்ற அளவுக்கு அதன் சறுக்கும் திறனும் இருந்தது. இன்றைய போட்டி ஹேங் கிளைடர்களுக்கு இது 15 மடங்கு, அதற்கு மேலும்.

குறை எங்கே இருந்தது என்றால், கட்டுப்பாட்டில். முழங்கைகளைச் சட்டத்தில் ஊன்றித் தொங்கியதால், அவரால் இடுப்புக்குக் கீழேதான் அசைக்க முடிந்தது. முரட்டுக் காற்று ஒன்று வந்தால் அந்த அசைவு போதாது. 1963-ல் ஆஸ்திரேலியாவின் ஜான் டிக்கன்சன் இதற்குத் தீர்வு கண்டார். ஓட்டுபவர் இறக்கைக்குக் கீழே கயிற்றில் ஊஞ்சல் மாதிரி தொங்குவார். முன்னால் ஒரு முக்கோணச் சட்டம். அதைப் பிடித்துத் தள்ளினாலோ இழுத்தாலோ உடம்பு முழுவதும் நகரும். துணி இறக்கைக்கு அமெரிக்காவின் ஃபிரான்சிஸ் ரொகாலோ 1948-லேயே வழிகாட்டியிருந்தார். இரண்டும் சேர்ந்ததுதான் இன்றைய ஹேங் கிளைடர். பீர் பில்லிங்கில் உங்கள் நண்பர்கள் பறந்து ரீல்ஸ் போடுவது பெரும்பாலும் பாராகிளைடர். அதில் சட்டமே இருக்காது, துணி மட்டும்தான். ஹேங் கிளைடரில் அலுமினியமோ கார்பன் ஃபைபரோ கொண்ட சட்டம் உண்டு.

சாவுச் செய்தி படித்த சைக்கிள் கடைக்காரர்கள்

லிலியன்தால் இறந்த செய்தி அமெரிக்காவின் டேடன் நகரத்துக்கும் போனது. அங்கே சைக்கிள் கடை வைத்திருந்த வில்பர் ரைட், ஆர்வில் ரைட் சகோதரர்களுக்குப் பறப்பின் மேல் தீவிர ஆர்வம் பிறந்ததே அந்தச் செய்திக்குப் பிறகுதான். அவர்களுடைய முதல் கிளைடர்கள் லிலியன்தாலின் அட்டவணையை வைத்துத்தான் கட்டப்பட்டன. எதிர்பார்த்த அளவு தூக்குவிசை வராததால் குழம்பிப் போய், 1901-ல் சொந்தமாகக் காற்றுச் சுரங்கம் செய்து எல்லாவற்றையும் மறுபடி அளந்தார்கள். லிலியன்தாலின் அளவீடுகளில் பெரிய கோளாறு இல்லை, மற்றவர்கள் காலங்காலமாகப் பயன்படுத்திவந்த ஒரு பழைய மாறிலிதான் தப்பு என்று தெரிந்தது.

அதைவிட முக்கியமான பாடம் இன்னொன்று. உடம்பை அசைத்து மட்டும் கருவியைக் கட்டுப்படுத்த முடியாது என்பதை, லிலியன்தாலின் மரணத்திலிருந்தே அவர்கள் புரிந்துகொண்டார்கள். இறக்கையையே முறுக்கித் திருப்பும் வழியைக் கண்டுபிடித்தார்கள். 1903 டிசம்பர் 17 அன்று இன்ஜினோடு பறந்தார்கள்.

லிலியன்தால் எல்லாவற்றிலும் சரியாக இருந்தார் என்று சொல்ல முடியாது. இன்ஜின் பொருத்தினாலும் பறவை மாதிரி இறக்கையை அடித்துத்தான் முன்னேற வேண்டும் என்று கடைசிவரை நம்பினார். தம்பி குஸ்தாவ் 1933-ல் இறக்கும் வரை அந்த வழியிலேயே முயன்றும், அது பலிக்கவில்லை. நாரையிடமிருந்து எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்பதில் அவர் பாதி தூரம்தான் வந்திருந்தார். மீதியை மற்றவர்களால் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், அவர் அளந்ததை எல்லாம் மறைக்காமல் எழுதி வைத்துவிட்டுப் போனதுதான்.

புல்வெளியில் நிற்கும் ஆக்னஸ்

பெர்லினின் டேகல் விமான நிலையம், 2020-ல் மூடப்படும் வரை ஓட்டோ லிலியன்தால் பெயரைத் தாங்கியிருந்தது. அவர் எழுப்பிய கூம்புக் குன்று இன்று ஒரு பூங்கா. விழுந்த இடமான ஸ்டோல்னில் இன்னொரு நினைவுச் சின்னமும் உண்டு. 1989 அக்டோபரில் இல்யூஷின்-62 ரகப் பயணிகள் ஜெட் ஒன்று, சுமார் 900 மீட்டர் நீளமே உள்ள புல்தரையில் ஓட்டி இறக்கப்பட்டது. அது திரும்பப் பறக்கவே இல்லை. அங்கேயே நிற்கிறது. அதற்கு வைத்த பெயர், லேடி ஆக்னஸ். 48 வயதுக் கணவனை அந்தக் குன்றுக்குப் பறிகொடுத்தவரின் பெயர்.

அடுத்த முறை பௌர்ணமிக்கோ தீபத்துக்கோ திருவண்ணாமலை போனால், பகலில் ஒரு ஐந்து நிமிடம் ஒதுக்கி மலைக்கு மேலே பாருங்கள். ஒரு பருந்து வட்டமடிக்கிறதென்றால், அதற்குக் கீழே எங்கோ ஒரு பாறை சுட்டுக்கொண்டிருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத ஒரு தூண் எழுந்துகொண்டிருக்கிறது. அந்தத் தூணைப் படிக்கத் தெரிந்தவர்கள் இன்று ஒரே பகலில் ஒரு மாநிலத்தையே தாண்டுகிறார்கள். அதைப் படிக்கும் முன்பே அதற்குள் நுழைந்துவிட்டவர் லிலியன்தால்.